பரவால்லைக்கு எத்தனை மதிப்பெண்?

அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று, "உங்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்" என்று கேட்டுச் சோறு தின்கிற தொழில் என்னுடையது. கள ஆய்வாளர் என்று அதற்குப் பெயர். பல்கலைக்கழக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் பார்ப்பதற்குக் கௌரவமாகத்தான் இருக்கும். நாய்களுக்கு மட்டும் அட்டை படிக்கத் தெரியாது.

சோப்புக்காகவோ வங்கிக்காகவோ தேர்தலுக்காகவோ வீடு வீடாக ஏறி இறங்கும் என் இனத்தாரே, நீங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். நம் தலையைக் கண்டதும் உள்ளே டிவி சத்தம் பட்டென்று அடங்கும். "அம்மா வீட்ல இல்லிங்க" என்று அம்மாவே உள்ளிருந்து குரல் கொடுப்பார். அதையும் மீறிக் கதவு திறந்தால், நாம் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் வராது. உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் என் கதைகளைச் சொல்கிறேன்.

எல்லாம் ஒரே ஆய்வில் நடந்தவை. கெடா மாநிலத்துச் சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம் கை மாறிவிட்டது. பழைய லயத்து வீடுகளில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மிச்சமிருந்த குடும்பங்களுக்குப் புதுத் தரை வீடு கட்டிக் கொடுக்கலாம் என்று மாவட்டத்தில் ஒரு குழு பேசிக்கொண்டிருந்தது. கட்டப்போகிற வீடுகள் கொஞ்சம், கேட்கிற தோட்டங்கள் நிறைய. யாருக்கு முதலில் என்று முடிவு செய்ய அவர்களுக்கு அறிவியல்பூர்வமான ஆய்வு ஒன்று தேவைப்பட்டது. இருக்கிற வீட்டிலேயே மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று அறிக்கை வந்தால் அந்தத் தோட்டம் கடைசி வரிசை. மனநிறைவு இல்லை என்றால் முதல் வரிசை. கடைசி வரிசைக்காரர்கள் இன்னும் எத்தனை மழைக்காலத்தை ஓட்டை விழுந்த கூரையும் தகரமுமாகக் கழிக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

ஆய்வுக்குத் தலைவர் கோலாலம்பூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், அவரும் தமிழர்தான். ஆய்வாளர்கள் இரண்டு பேர். சுங்கைப்பட்டாணிக்காரியான நான், அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த குணா. முதல் நாள் பேராசிரியர் பலகையில் "நடுநிலை" என்று எழுதி, அடியில் கோடு போட்டு, திருப்தி வராமல் இன்னொரு கோடும் போட்டார். எங்கள் கஷ்டகாலம் அங்கேதான் தொடங்கியது.

முகத்துக்கு வந்த பயிற்சி

பேராசிரியர் எங்கள் கேள்விகளைவிட எங்கள் முகங்களைத்தான் அதிகம் திருத்தினார். பதில் சொல்கிறவர் எதைச் சொன்னாலும் சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது. "அடடா", "அப்படியா", "ஐயோ பாவம்" எல்லாம் தடை. நம் முகம் கொஞ்சம் சாய்ந்தால் அவர்கள் பதிலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமாம். முகத்தை வெறுமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குப் பிறவியிலேயே கடுகடுத்த முகம். இருக்கிற கொஞ்சம் சிரிப்பையும் துடைத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று அவர் யோசிக்கவில்லை.

முதல் வீடு சரோஜா அக்காவுடையது. கணவர் தவறிப்போன பிறகு தோட்டத்தில் உரம் போட்டே மகளைப் படிக்க வைத்தவர். மகள் மாலதி இப்போது மின்னியல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அக்கா பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். குளியலறைக்குள் பாம்பு வந்த கதையை, பாம்பாகவும் தானாகவும் மாறி மாறி நடித்துக் காட்டினார். வேறு யாராக இருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, வெறுமையாக உட்கார்ந்திருந்தேன். அக்கா பாதிப் பாம்பில் நிறுத்திவிட்டு என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"டீச்சர், வயித்த கலக்குதுன்னா சொல்லுங்க லா. தண்டாஸ் பின்னாலதான் இருக்கு, வெக்கப்படாதீங்க."

யார் வீட்டுப் பிள்ளை?

ஆய்வாளர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி. இந்த விதியை எழுதியவர் எந்தத் தோட்டத்துக்கும் போயிருக்க மாட்டார். தோட்டத்தில் நாம் முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் அவர்கள் கேட்டுவிடுவார்கள். மாரியப்பன் அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வெற்று மேலோடு கைலியில் வாசலில் உட்கார்ந்து, "பதிலு சொல்றேன், மொதல்ல நீங்க யாரு வூட்டுப் புள்ள?" என்றார். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறேன் என்றேன். "அது வேலைங்க. நான் வூட்டக் கேட்டேன்" என்றார். எவ்வளவு நேரம்தான் மழுப்புவது? செமிலிங் பக்கத்துத் தோட்டமொன்றில் என் தாத்தா கிராணியாக இருந்தவர் என்பது வாயிலிருந்து வந்துவிட்டது.

அவ்வளவுதான். அண்ணன் விருட்டென்று எழுந்து உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொழிலாளர்களின் வருகைக்குப் பேர் போட்ட கிராணிகளில் பாதிப் பேர் எங்களைப்போல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள்தான். கிராணி என்றால், அவர் முன்னால் மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்க வேண்டும். வீடு எப்படி? "ரொம்ப நல்லாருக்குங்க." தண்ணீர்? "அருமைங்க." கூரை? அவர் தலைக்கு மேலே ஓட்டை வழியாக நான் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கூரைக்கு ஐந்து கொடுத்தார்.

ஏதோ குழப்பத்தில் அடுத்த வாரம் அதே வீட்டுக்குக் குணாவும் போய்விட்டான். அவனிடம் எல்லாவற்றுக்கும் ஒன்று. கூரைக்கு ஒன்றுகூட அதிகம், பூஜ்யம் இல்லையா என்று கேட்டாராம். பேராசிரியர் தலையைப் பிடித்துக்கொண்டார். எது உண்மை என்று கேட்க எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அவரே போனார். மாரியப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார், குணாவைப் பார்த்தார், சட்டைப் பொத்தானைப் போடலாமா அவிழ்க்கலாமா என்று யோசித்தபடியே சொன்னார்:

"ரெண்டும் நெசந்தான் சார். கொணா நம்ம பய, அவங்கிட்ட ஒழுகுதுன்னு சொல்லலாம். கிராணியாரு பேத்திகிட்ட சொன்னா அவங்க தாத்தா மேலயே புகாரு குடுத்த மாதிரி ஆயிடாதா?"

உள்ளதைத்தான் சொன்னேன்

என் அம்மா ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. எந்த வேலைக்குப் போனாலும் எனக்குப் புட்டுக் கட்டிக் கொடுத்து அனுப்புவார். தோட்டத்து ஆய்வு என்றதும் புட்டுப் பொதி இரண்டு மடங்கானது. ஏன் என்று கேட்டேன். "அங்கை சாப்பிட வேண்டி வராது பார்" என்றார். அவர்கள் வீட்டில் சாப்பிட்டால் என்ன என்றேன். "நான் வேண்டாமெண்டு சொன்னனானே? அவையள் நல்ல சனம்தான், ஆனா…" என்று இழுத்தார்.

அந்த "ஆனா"வுக்குப் பிறகு எதுவும் வரவில்லை. எங்கள் வீட்டில் அந்த "ஆனா" தலைமுறை தலைமுறையாக வருகிறது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. மனிதரைத் தரம் பிரிப்பது தப்பு, நீங்கள் பாரபட்சமாகப் பேசுகிறீர்கள் என்று, பேராசிரியரிடம் கற்ற சொற்களையெல்லாம் எடுத்துவிட்டேன். அம்மா புட்டுப் பொதியைச் சுற்றி நூலை இறுக்கிக் கட்டினார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. பேராசிரியர் பார்த்திருந்தால் அன்றைக்கே வேலைக்கு எடுத்திருப்பார்.

"நான் ஒண்டையும் கூட்டியும் சொல்லேல்லை, குறைச்சும் சொல்லேல்லைப் பிள்ளை. உள்ளதைத்தான் சொன்னனான்."

குணாவின் புருவம்

குணா கேள்வித்தாளில் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் வாசிப்பான். பேராசிரியர் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு மெச்சுவார். ஆனால் அவன் போகிற வீடுகளில் எல்லாம் மதிப்பெண் தரை தட்டியது. சந்தேகம் வந்து ஒரு நாள் அவனோடு போனேன். "உங்கள் வீட்டின் கூரையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று அவன் அழகாக வாசித்தான். "கூரை" என்று சொல்லும்போது மட்டும் அவன் புருவம் இரண்டும் மேலே போய், கண் கூரையைப் பார்த்து, உதடு பிதுங்கியது. பதில் சொல்ல உட்கார்ந்திருந்த அந்த வீட்டு அம்மாவும் கூரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரண்டு என்று குறித்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். இந்தத் தோட்டம் கடைசி வரிசைக்குப் போனால் மழையில் நனையப் போவது உன் சித்தப்பாவும் பெரியம்மாவும்தான், தெரியும். அதற்காக இப்படியா என்றேன். அவன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான்.

"அக்கா, கேள்வியில ஒரு எழுத்த மாத்துனேனா சொல்லுங்க. புருவத்துக்கு வேணும்னா நீங்க தனியா பயிற்சி வைங்க."

ஒற்றுமைக்கு ஒரு கேள்வி

பேராசிரியருக்கு மட்டும் எந்தச் சாய்வும் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். லயத்தை முதல் தடவை பார்த்தபோது அவர் கண் கலங்கிவிட்டது. வரிசையாக வீடுகள், நடுவில் குழாயடி, கோடியில் மாரியம்மன் கோயில். "இந்தக் கூட்டு வாழ்க்கை நகரத்தில் கிடைக்குமா?" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் தங்கியிருந்தது சுங்கைப்பட்டாணியில் குளிர்சாதன வசதியுள்ள விடுதி. அன்று மாலையே கேள்வித்தாளில் ஒரு புதுக் கேள்வி ஏறியது. "தோட்டத்தில் இருக்கும் ஒற்றுமை நகரத்து வீடமைப்புப் பகுதிகளில் இல்லை. ஒப்புக்கொள்கிறீர்களா?"

இது பதிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கிற கேள்வி இல்லையா என்றேன். "இது கருத்துநிலை அல்ல, கோட்பாடு" என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கோட்பாட்டைச் சோதிக்க அவரே சரோஜா அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா உரம் போடப் போயிருந்தார். மாலதி வேலை முடிந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் துண்டை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"ஒத்துமைன்னா, நான் எத்தன மணிக்கி வந்தேன், யாரு மோட்டார்ல வந்து எறங்குனேன்னு லயமே வெளிய வந்து பாக்குமே, அதா சார்? அத நீங்களே எடுத்துக்கிங்க, எனக்கு வேணாம்."

பரவால்ல

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீடுகளெல்லாம் முடிந்து, சுங்கைப்பட்டாணியில் ஒரு கடை வீட்டு மாடியில் உட்கார்ந்து, பதில்களை எண்களாக மாற்றத் தொடங்கினோம். கடைசிக் கேள்விதான் முக்கியமானது. "மொத்தத்தில் இந்த வீட்டில் வாழ்வது உங்களுக்கு மனநிறைவாக இருக்கிறதா?" வரிசையைத் தீர்மானிக்கப் போவது அந்த ஒரு கேள்விதான். அதற்கு மட்டும் அனேகமாக யாரும் எண் சொல்லவில்லை. என்னிடமும் சரி, குணாவிடமும் சரி, ஏறக்குறைய எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லியிருந்தார்கள். பரவால்ல.

பேராசிரியர் வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். தமிழை அகராதியில் பார்த்துச் சரிசெய்துகொள்வார். "பரவாயில்லை என்றால் பாதகமில்லை, குறையில்லை என்று பொருள். ஆகவே நான்கு" என்றார். குணா எகிறிக் குதித்தான். எங்கள் ஆட்கள் பரவால்ல என்றால் வாயைத் திறக்க இஷ்டமில்லை என்று அர்த்தம், இரண்டு போடுங்கள் என்றான். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். எனக்குத் தெரிந்து பரவால்லையில் எத்தனையோ சாதி உண்டு. பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் சொல்வது ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் எடுத்த புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வது ஒன்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பார்க்க வந்தவரிடம் சொல்வது இன்னொன்று. இதில் எது நான்கு, எது இரண்டு?

மூன்று போடலாமே என்றேன். மூன்று போட்டால் குழுவுக்கு என்ன செய்வதென்று தெரியாது, என்ன செய்வதென்று தெரியாத கோப்பு எந்த அலமாரிக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும் என்று குணா சொன்னான். அதுவும் நியாயம்தான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. யார் பக்கமும் சாய்ந்துவிடக் கூடாதே என்று நிஜமாகவே பயந்தார். "உங்கள் இருவருக்கும் அந்த மக்கள்மேல் பரிவு இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணில் உணர்ச்சியைக் கலக்கக் கூடாது" என்று நான்கைக் குறித்தார். குணா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"நீங்க நாலு போட்டா அது எண்ணு, நான் ரெண்டு போட்டா அது உணர்ச்சியா சார்?"

மழையில் ஒரு விளக்கம்

எனக்கு மனசு கேட்கவில்லை. போய் நேராகக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று பேராசிரியரிடம் அனுமதி வாங்கினேன். அட்டவணையில் சேர்க்க முடியாது, அடிக்குறிப்பாக வேண்டுமானால் போடலாம் என்றார். பீடோங் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. கெடா மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரின் முன்கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

சரோஜா அக்கா வீட்டில் கட்டில் நடு வீட்டில் நின்றது. சுவரோரம் இருந்த இடத்தில் வாளி. அடுப்படியில் சட்டி. சாமி படத்துக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு. அக்கா எந்தப் பதற்றமும் இல்லாமல், சொட்டு விழாத ஒரே நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டார். மைலோ கலக்கிக் கொடுத்தார். பேசிக்கொண்டே வாளியை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு அதே இடத்தில் வைத்தார். வெறுமையான முகமாவது ஒன்றாவது, எல்லாம் போயிற்று. இந்த வீட்டுக்கா அக்கா அன்றைக்குப் பரவால்ல என்று சொன்னீர்கள் என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே.

அவர் என் கோபத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லையே என்று யோசிப்பவர்போல நின்றார். வாசலில் என் கார் மழையில் நின்றுகொண்டிருந்தது. அதைக் கையால் காட்டினார்.

"நீங்க அவ்ளோ தூரத்துலேந்து வந்து கேக்குறீங்க. வந்தவங்ககிட்ட கஷ்டத்தக் கொட்டி அனுப்புனா, நீங்க அதையே நெனச்சிகிட்டு காடி ஓட்டுவீங்கள்ல?"

போலேலா

அறிக்கையை மக்கள் முன்னாலேயே வெளியிட வேண்டும் என்று குழு விரும்பியது. தோட்டத்து மண்டபத்தில் நாற்காலி போட்டோம். குழுவின் அதிகாரி ஒரு மலாய்க்காரர், நடுத்தர வயது, பாலிங் பக்கத்து மலாய்க் கிராமத்தில், கம்போங்கில், பிறந்தவர் என்று யாரோ சொன்னார்கள். பேராசிரியர் திரையில் படம் காட்டினார். நான்கு என்ற எண்ணுக்கு நேரே பச்சை நிறத்தில் ஒரு கட்டம் கோபுரம்போல் எழுந்து நின்றது. தோட்ட மக்கள் தங்கள் குடியிருப்பில் பெரும்பாலும் மனநிறைவு கொண்டுள்ளனர் என்று மலாயில் சொன்னார். என் அடிக்குறிப்பு திரையின் அடியில் எறும்பு வரிசைபோல் இருந்தது. அதிகாரி தலையாட்டியபடி எழுதிக்கொண்டார். குணா எழுந்து வெளியே போய்விட்டான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதிகாரி கிளம்புவதற்கு முன்னால், மரியாதைக்காக, முன்வரிசையில் இருந்த சரோஜா அக்காவிடம் திரும்பினார். "மக்சிக், டோக் சினி புவாஸ் ஹாத்தி கா?" என்றார். இங்கே இருப்பது மனசுக்கு நிறைவா என்று அதே கேள்விதான். அக்கா துவாலையைத் தோளில் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாக, "போலேலா, துவான்" என்றார். மலாய் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: துவான் என்றால் ஐயா; போலேலாவுக்கு எழுத்துப்படி பார்த்தால் "முடியும்" என்றுதான் அர்த்தம். வாயில் வரும்போது அது நம் பரவால்லையின் கூடப்பிறந்தது.

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. "போலேலா?" என்று திரும்பக் கேட்டார். "போலேலா" என்று அக்கா இன்னும் கொஞ்சம் சிரித்தார். அவர் எழுந்து, வீடுகளைப் பார்க்க வேண்டும் என்றார். அன்று மழையில்லை. ஆனாலும் வாளிகள் அவையவை இடத்தில் இருந்தன. மாரியப்பன் அண்ணன் வீட்டு ஓட்டை வழியாக அவரும் ஆகாயத்தைப் பார்த்தார். வாசலுக்கு வந்து பேராசிரியரிடம் மலாயில் சொன்னார்: "என் அம்மா கம்போங்கில் தனியாக இருக்கிறார். போனில் எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்கும்போது 'பாயிக்', நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் விட்டுவிடுவேன். 'போலேலா' என்றால் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு பாலிங் போய்விடுவேன்." அந்தத் தோட்டத்தை முதல் வரிசையில் போடும்படி உதவியாளரிடம் அங்கேயே சொன்னார்.

பேராசிரியருக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் தொழில் விடவில்லை. இப்படி அம்மாவை நினைத்துக்கொண்டு முடிவெடுத்தால் ஒப்ஜெக்டிவ்வாக இருக்காதே துவான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அதிகாரி அவர் தோளில் கை போட்டார்.

"அம்மாவை நினைத்ததால்தானே பேராசிரியர், எனக்கு அந்தச் சொல் புரிந்தது?"

இன்னும் முடிக்கல

புது வீடுகள் சுங்கை லாலாங்கிலேயே பெரிய சாலையை ஒட்டிக் கட்டப்பட்டன. ஆய்வு முடிந்து, பேராசிரியர் கோலாலம்பூருக்குப் போய், அதை வைத்து ஒரு மாநாட்டில் பேசியும்விட்டார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டை இல்லாமல், கேள்வித்தாள் இல்லாமல், ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு சரோஜா அக்காவைப் பார்க்கப் போனேன். அம்மா கட்டிக் கொடுத்த புட்டுப் பொதி காரிலேயே கிடந்தது. அக்கா சமைத்த நெத்திலிச் சம்பலைத்தான் சாப்பிட்டேன்.

வீடு எப்படி அக்கா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அவ்வளவுதான், அணை உடைந்தது. சமையலறைக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. குளியலறைக் கதவை எந்தப் புத்திசாலி மாட்டினானோ, திறந்தால் சுவரில் இடிக்கிறது. சாயங்கால வெயில் நேராகக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கரவோக்கே வைத்துக்கொண்டு பாடுகிறார், பாடட்டும், சுருதி வேண்டாமா? எதிர் வீட்டுச் சேவலுக்கு விடியற்காலை எது என்றே தெரியவில்லை. மாலதி உள்ளே சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா நடித்துக் காட்டிய சேவலைப் பார்த்து நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

கூரை ஒழுகிய வீட்டைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை, இந்த நல்ல வீட்டுக்கு இத்தனை குறையா அக்கா என்று கேட்டேன். அவர் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சம்பலை வைத்தார்.

"அன்னைக்கி நீங்க வந்த ஆளு, இன்னைக்கி நம்ம ஆளு. நம்ம ஆளுகிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லுவேன்? ஒக்காருங்க லா, நான் இன்னும் முடிக்கல."

ஆய்வாளர் பதில் சொல்பவரோடு நெருங்கிவிட்டதால் விதிப்படி அந்தப் பதில் எந்த அட்டவணையிலும் செல்லாது. ஆனால் என் தோழர்களே, இந்தத் தொழிலுக்கு வந்து நான் காதால் கேட்ட நேரான பதில் அது ஒன்றுதான்.